ஹென்ரியெட்டா லெவிட்: ஒளியை அளவுகோலாக்கிய பெண்மணி

வானத்தை அண்ணாந்து பார்க்காமலேயே வானத்தை அளக்க முடியுமா? முடியும் என்று காட்டிய ஒரு பெண்மணி இருந்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஓர் அறையில் மேசைமுன் அமர்ந்து, கையில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு அவர் அதைச் சாதித்தார். அவருக்குக் காது சரிவரக் கேட்கவில்லை. அவர் பெற்ற கூலி மணிக்கு 30 செண்டு. ஆனால், அவர் கண்டெடுத்த அளவுகோலைக் கொண்டுதான் உலகம் இன்றும் பேரண்டத்தை அளக்கிறது. அவர்தான் ஹென்ரியெட்டா ஸ்வான் லெவிட்.

வானியல் படிப்பவர்களுக்கு இது நன்கு பழகிய பெயர். எனக்கோ இந்த ஆண்டு வரையில் இது பாடநூலில் வந்த ஒரு வரி மட்டுமே. தேர்வுக்காக அந்த வரியை மனனம் செய்தேன், எழுதினேன், மறந்தும் போனேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையைத் தேடிப் போக வைத்தது என் இறுதியாண்டு ஆய்வேடு. அத்தேடலில் நான் அறிந்தவற்றை நம் பேரவையின் ஆண்டு மலர் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்றபின் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள் நான். இயற்பியலை மலாயிலும் ஆங்கிலத்திலுமே கற்றேன். ஆகவே, கலைச்சொற்கள் எங்கேனும் தடுமாறினால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மங்கிய புள்ளிகள்

நாம் வாழும் பால்வீதி ஒரு பெரிய தட்டைப் போன்ற வடிவம் கொண்டது. கோடானுகோடி விண்மீன்கள் அதன் நடுவைச் சுற்றிச் சுழல்கின்றன. இப்படிப்பட்ட தட்டு வடிவ விண்மீன் மண்டலங்கள் பேரண்டத்தில் ஏராளம். அவை எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றன, எவ்வளவு ஒளிர்கின்றன, இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்பதே என் ஆய்வுத் தலைப்பு. 2016-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் மூவர் ஸ்பார்க் என்ற பெயரில் 175 மண்டலங்களின் தரவுகளைத் தொகுத்து வெளியிட்டனர். அதை யாரும் இலவசமாகப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். நானும் செய்துகொண்டேன்.

வரைபடத்தில் புள்ளிகளை இட்டபோது, ஒளிமிக்க மண்டலங்கள் ஒரு நேர்கோட்டையொட்டி அழகாக அணிவகுத்தன. வேகமாகச் சுழல்பவை அதிகம் ஒளிர்ந்தன. மெதுவாகச் சுழல்பவை குறைவாக ஒளிர்ந்தன. ஆனால், கோட்டின் அடிப்பகுதியில் இருந்த மங்கிய மண்டலங்கள் மட்டும் அடங்கவில்லை. அவை சுழலும் வேகத்துக்கு இருக்க வேண்டிய ஒளி அவற்றிடம் இல்லை. கோட்டுக்குக் கீழே சிதறிக் கிடந்தன. மங்கலான பொருளை அளப்பது கடினம், ஆகவே அளவீட்டில் பிழை இருக்கும் என்று நானே முடிவுகட்டி அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். வரைபடம் பார்ப்பதற்கு மிகவும் நேர்த்தியாகிவிட்டது.

என் மேற்பார்வையாளர் அதைப் பார்த்தார். எத்தனை புள்ளிகளை நீக்கினேன் என்று கேட்டார். சொன்னேன். அந்த மண்டலங்களின் தூரத்தை எப்படி அளந்தார்கள் என்று அடுத்துக் கேட்டார். விடை தெரியாமல் நின்றேன். தூரம் தெரியாமல் ஒரு பொருளின் உண்மையான ஒளிர்வைக் கூற முடியாது என்றும், அதைப் படித்துவிட்டு வரும்படியும் கூறி என்னை அனுப்பி வைத்தார்.

பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். தூரத்தை அளந்த முறைக்கென்றே அதில் ஒரு குறியீடு இருந்தது. ஒரு சில மண்டலங்களுக்கு அக்குறியீடு செஃபீடு விண்மீன்களைச் சுட்டியது. வேறு சில முறைகளின் வேரைத் தேடிச் சென்றபோதும் அங்கும் செஃபீடு விண்மீன்களே நின்றன. அவற்றைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் லெவிட் அம்மையாரிடம் வந்து சேர்ந்தேன்.

போதகரின் மகள்

லெவிட் அம்மையார் 1868-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்து லான்காஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் ராஸ்வெல் லெவிட் ஒரு கிறிஸ்துவ சபையின் போதகர். இறைப்பற்றும் கல்வியும் கட்டுப்பாடும் நிறைந்த குடும்பம் அது. ஓஹையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரியில் சில ஆண்டுகள் பயின்ற அவர், பின்னர் பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜ் நகரில் பெண்களுக்கென நடத்தப்பட்ட உயர்கல்வி நிலையத்தில் சேர்ந்தார். பின்னாளில் ராட்கிளிஃப் கல்லூரி என்று பெயர் பெற்றது இந்நிலையமே.

அக்காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கவில்லை. ஹார்வர்டின் ஆசிரியர்களே வந்து இப்பெண்களுக்குப் பாடம் நடத்தினர். ஆனால், பட்டம் மட்டும் ஆண்களுக்கே. 1892-இல் படிப்பை முடித்த லெவிட் அம்மையாருக்கு ஒரு சான்றிதழ் தரப்பட்டது. ஆணாக இருந்திருந்தால் இவர் ஹார்வர்டில் இளங்கலைப் பட்டம் பெறும் அளவுக்குப் படித்தவர் என்பதே அதன் பொருள். இன்று நம் பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களில் பெண்கள் நிறைந்திருப்பதைப் பார்க்கும் நமக்கு இது வியப்பாக இருக்கலாம். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம்.

இறுதியாண்டில்தான் அவர் வானியலை ஒரு பாடமாக எடுத்தார். அந்த ஒரு பாடம் அவர் வாழ்க்கையின் திசையை மாற்றியது. படிப்பை முடித்த சில ஆண்டுகளுக்குள் ஹார்வர்டு வானாய்வகத்தில் ஊதியமில்லா உதவியாளராகச் சேர்ந்தார்.

கணிப்பான்கள் என்று அழைக்கப்பட்ட பெண்கள்

அந்த வானாய்வகத்தின் இயக்குநர் எட்வர்டு பிக்கரிங். வானத்தை நிழற்படமாக எடுத்துச் சேமிக்கும் பெரும்பணியை அவர் மேற்கொண்டிருந்தார். அந்நாளில் சுருள் படங்கள் வானியலுக்குப் பயன்படவில்லை. கண்ணாடித் தகடுகளே பயன்பட்டன. ஒரு தகட்டில் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் கரும்புள்ளிகளாகப் பதிந்திருக்கும். அவற்றை அளக்கவும் எண்ணவும் வகைப்படுத்தவும் ஆள் வேண்டும். பிக்கரிங் அப்பணிக்குப் பெண்களை அமர்த்தினார். பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்பதும் அதற்கு ஒரு காரணம். வழக்கமான கூலி மணிக்கு 25 செண்டு.

இப்பெண்களுக்குக் கம்ப்யூட்டர் என்று பெயர். இயந்திரத்துக்கு அப்பெயர் வருவதற்கு முன்பு, கணக்குப் போடும் மனிதர்களையே அப்படி அழைத்தனர். அவர்களுள் ஒருவரான வில்லியமினா ஃபிளெமிங் பிக்கரிங்கின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். மற்றொருவரான ஆனி ஜம்ப் கேனன் லட்சக்கணக்கான விண்மீன்களை வகைப்படுத்தியவர். அவருக்கும் காது மிகவும் மந்தம்.

இவ்விடத்தில் என் தாயாரைப் பற்றிக் கூற வேண்டும். அம்மா பினாங்கு மாநிலத்தின் பிறை தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சில்லுகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, கீறல் இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, தூசு ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் அவர் வேலை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அதைச் செய்து வருகிறார். பள்ளிப் படிவங்களில் தாயாரின் தொழில் என்ற இடத்தை நிரப்பும்போதெல்லாம் நான் தொழிற்சாலை ஊழியர் என்று சிறிய எழுத்தில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பது ஒரு வேலையா என்று சிறுபிள்ளைத்தனமாக ஒருமுறை அவரிடமே கேட்டிருக்கிறேன். அம்மா சிரித்துவிட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டார்.

ஹார்வர்டு வானாய்வகப் பெண்களின் பழைய நிழற்படத்தைக் கணினியில் திறந்தபோது எனக்கு அம்மாவின் நினைவே வந்தது. மேசைகள், குனிந்த தலைகள், கையில் உருப்பெருக்கி. நூறு ஆண்டுகளுக்கு முன், வேறொரு நாட்டில், அதே வேலை.

விட்டுச் சென்று திரும்பியவர்

லெவிட் அம்மையாருக்குப் பிக்கரிங் ஒப்படைத்த பணி மாறொளிர் விண்மீன்களைத் தேடுவது. சில விண்மீன்களின் ஒளி எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. கூடும், குறையும், மீண்டும் கூடும். இவற்றையே மாறொளிர் விண்மீன்கள் என்கிறோம். அவர் சில காலம் இப்பணியைச் செய்தார். பிறகு ஐரோப்பாவுக்குப் பயணம் சென்றார். திரும்பி வந்ததும் தம் குடும்பம் வாழ்ந்த விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போய்விட்டார். முடிக்காத வேலை அப்படியே நின்றது. இதற்கிடையே அவரது கேட்கும் திறனும் குறைந்துகொண்டே வந்தது.

1902-இல் அவர் பிக்கரிங்கிற்குக் கடிதம் எழுதினார். விட்ட வேலையை முடிக்க விரும்புவதாகத் தெரிவித்தார். பிக்கரிங் மணிக்கு 30 செண்டு தருவதாகப் பதில் எழுதினார். மற்றவர்களைவிட 5 செண்டு கூடுதல். அவரது திறமையைப் பிக்கரிங் நன்கறிந்திருந்தார் என்பதற்கு இதுவே சான்று. லெவிட் அம்மையார் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். அதன்பின் நோயும் குடும்பக் கடமைகளும் அவ்வப்போது அவரை அங்கிருந்து பிரித்தாலும், தம் வாழ்நாள் முடியும்வரை அவர் அப்பணியைக் கைவிடவில்லை.

தென்வானத்து மேகங்கள்

ஹார்வர்டு வானாய்வகம் தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், அரெக்கிப்பா எனும் ஊரில் ஒரு கிளை நிலையத்தை நடத்தியது. அங்கு எடுக்கப்பட்ட தகடுகள் கப்பலேறிக் கேம்பிரிட்ஜுக்கு வந்தன. அவற்றுள் மெகல்லன் மேகங்கள் என்னும் இரு மண்டலங்களின் தகடுகளும் இருந்தன. பெயர்தான் மேகம், உண்மையில் அவை நம் பால்வீதிக்கு அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலங்கள். மாசசூசெட்ஸ் வானில் அவை உதிப்பதே இல்லை. நாமோ நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் வாழ்கிறோம். ஆண்டின் இறுதி மாதங்களில், விளக்கொளி இல்லாத இடத்தில், மேகமற்ற இரவில் தெற்கே அடிவானத்தை ஒட்டிப் பார்த்தால் சின்ன மெகல்லன் மேகம் நம் கண்ணுக்கே தெரியக்கூடும். ஆனால், அதன் விண்மீன்களை உலகுக்கு அறிமுகப்படுத்திய லெவிட் அம்மையார் தாம் வேலை செய்த ஊரிலிருந்து அதைப் பார்த்திருக்க வழியே இல்லை.

அவர் கையாண்ட முறை எளிமையானது. ஆனால் மிகுந்த பொறுமை வேண்டுவது. ஒரே வானப் பகுதியை வெவ்வேறு நாள்களில் எடுத்த இரு தகடுகளை எடுத்துக்கொள்வார். ஒன்றில் விண்மீன்கள் கறுப்பாக இருக்கும். மற்றொன்றை வெள்ளைப் புள்ளிகள் வரும்படி மாற்றிப் படியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். ஒளி மாறாத விண்மீனில் கறுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று மறைத்துவிடும். ஒளி மாறிய விண்மீனில் மட்டும் ஓரத்தில் ஒரு வளையம் தெரியும். அதைக் கண்டுபிடித்தபின் மற்ற தகடுகளிலும் அதே விண்மீனைத் தேடி, ஒவ்வொரு நாளும் அதன் ஒளி எவ்வளவு என்று அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும்.

1908-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இரு மேகங்களிலும் கண்ட 1777 மாறொளிர் விண்மீன்கள் இடம்பெற்றன. அவற்றுள் 16 விண்மீன்களுக்கு ஒளி கூடிக் குறையும் காலத்தையும் கணக்கிட்டிருந்தார். ஒளிமிக்க விண்மீன்கள் மெதுவாகத் துடிக்கின்றன என்பதைக் கவனிக்கத் தக்க செய்தியாக அதில் குறித்தும் வைத்தார். அந்த ஆண்டின் இறுதியில் நோய்வாய்ப்பட்டார். விஸ்கான்சினில் குடும்பத்தாரோடு தங்கி உடல் தேறிவந்த காலத்திலும் பிக்கரிங் அவருக்கு வேலையை அனுப்பி வைத்தார். 1911-இல் அவர் தந்தையார் காலமானார். இத்தனைக்கும் இடையே ஆய்வு தொடர்ந்தது.

25 விண்மீன்கள், ஒரு நேர்கோடு

1912-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஹார்வர்டு வானாய்வகம் ஒரு சிறிய சுற்றறிக்கையை வெளியிட்டது. சின்ன மெகல்லன் மேகத்தின் 25 மாறொளிர் விண்மீன்களைப் பற்றியது அது. கையொப்பம் பிக்கரிங்குடையது. ஆனால், அதைத் தயாரித்தவர் லெவிட் அம்மையார் என்று அதன் தொடக்கத்திலேயே கூறப்பட்டுள்ளது.

அந்த 25 விண்மீன்களில் ஒன்று ஏறக்குறைய ஒன்றேகால் நாளில் ஒருமுறை துடிக்கிறது. மற்றொன்று ஒருமுறை துடிக்க 127 நாள்கள் எடுத்துக்கொள்கிறது. துடிப்புக்காலம் நீள நீள ஒளிர்வும் கூடுகிறது. வரைபடத்தில் இட்டால், மடக்கை அளவில், கிட்டத்தட்ட ஒரு நேர்கோடு!

இதில் என்ன பெரிய வியப்பு என்று கேட்கலாம். பட்டர்வொர்த் படகுத்துறையில் இரவில் நின்று எதிரே ஜார்ஜ்டவுனைப் பாருங்கள். அக்கரையில் நூற்றுக்கணக்கான விளக்குகள் தெரியும். அவை அனைத்தும் நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் உள்ளன. ஆகவே, பளிச்சென்று தெரியும் விளக்கு உண்மையிலேயே பெரிய விளக்கு. மங்கித் தெரிவது உண்மையிலேயே சிறிய விளக்கு. நம் பின்னால் இருக்கும் தெருவிளக்கை அவற்றோடு ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். வானத்தில் வானியலாளர்கள் நெடுங்காலம் தடுமாறியது இதில்தான். ஒரு விண்மீன் மங்கலாகத் தெரிந்தால், அது சிறியதா அல்லது தொலைவில் உள்ளதா என்று கூற வழியில்லை. சின்ன மெகல்லன் மேகத்தின் விண்மீன்களோ அக்கரை விளக்குகளைப் போன்றவை. அனைத்தும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் உள்ளன. இதை உணர்ந்த லெவிட் அம்மையார், தாம் கண்ட நேர்கோடு விண்மீன்களின் உண்மையான ஒளிர்வுக்கே உரியது என்று முடிவு செய்தார்.

இதன் பயனைச் சொல்லி முடியாது. வானத்தில் எங்கேனும் இவ்வகை விண்மீன் ஒன்றைக் கண்டால், அதன் துடிப்புக்காலத்தை நாள்காட்டியை வைத்தே அளந்துவிடலாம். 3 நாளில் துடிப்பது ஏறத்தாழ 800 சூரியன்களின் ஒளி கொண்டது. 30 நாளில் துடிப்பது ஏறத்தாழ 10,000 சூரியன்களின் ஒளி கொண்டது. உண்மை ஒளி தெரிந்துவிட்டால், நமக்கு அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். இவையே செஃபீடு விண்மீன்கள். இவ்வகைக்குப் பெயர் தந்த டெல்டா செஃபை விண்மீனின் ஒளி மாறுவதை 1784-இல் கண்டறிந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் குட்ரிக். அவரும் காது கேளாதவர். 21 வயதிலேயே மறைந்தவர். 22 வயதில் ஓர் ஆய்வேட்டை முடிக்கத் திணறிய எனக்கு இச்செய்தி வெட்கத்தையும் ஊக்கத்தையும் ஒருசேரத் தந்தது.

பிறர் கையில் சென்ற கோல்

தாம் கண்ட விதியை வைத்து ஒரு மண்டலத்தின் தூரத்தைக் கணிக்கும் வேலையை லெவிட் அம்மையார் செய்யவில்லை. பிக்கரிங் அவருக்கு வேறொரு பணியைக் கொடுத்திருந்தார். வட துருவ விண்மீன் அருகிலுள்ள 96 விண்மீன்களின் ஒளியை மிகத் துல்லியமாக அளந்து, உலகம் முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க ஒரு தர அளவையை உருவாக்குவதே அது. 13 தொலைநோக்கிகளில் எடுத்த 299 தகடுகளை அவர் ஆராய்ந்தார். 1917-இல் அது வெளிவந்தது. பிற வானாய்வகங்கள் விண்மீன்களின் ஒளியை அளக்க நெடுங்காலம் அவ்வளவையே துணைநின்றது.

விதியைப் பயன்படுத்தியவர்கள் பிறர். 1913-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்ட்ஸ்பிரங் அதற்குத் தூர அளவு கண்டார். அதைத் தொடர்ந்து ஹார்லோ ஷாப்லி பால்வீதியின் பரப்பை அளந்து, சூரியன் அதன் நடுவில் இல்லை என்று காட்டினார். 1921-இல் ஷாப்லி ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநரானார். லெவிட் அம்மையார் விண்மீன் ஒளியளவைப் பிரிவின் தலைவரானார். ஆனால், காலம் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். வயது 53. திருமணம் செய்துகொள்ளாத அவர் விட்டுச் சென்ற விரிப்பு, மரச்சாமான்கள், கடன் பத்திரங்கள் அனைத்தின் மதிப்பும் சேர்ந்து 314 டாலர் 91 செண்டு. அவர் கண்டறிந்த மாறொளிர் விண்மீன்களோ ஏறத்தாழ 2400.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கூட முழுதாகவில்லை. 1923-ஆம் ஆண்டு அக்டோபரில், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில், எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமேடாவில் ஒரு செஃபீடு விண்மீனைக் கண்டார். அதன் துடிப்புக்காலம் ஏறத்தாழ 31 நாள். லெவிட் அம்மையாரின் விதியை வைத்து அதன் தூரத்தைக் கணித்தபோது அது பால்வீதிக்கு வெகு தொலைவில் இருந்தது. ஆண்ட்ரோமேடா என்பது பால்வீதிக்குள் இருக்கும் புகைமூட்டம் இல்லை, அதுவே ஒரு தனி விண்மீன் மண்டலம் என்பது அன்று உறுதியானது. ஹபிள் கணித்த தூரம் இன்றைய அளவைவிடக் குறைவே. செஃபீடுகளில் இருவகை உண்டு என்பது 1950-களில்தான் தெளிவாயிற்று. ஆனாலும், பேரண்டம் பல மண்டலங்களால் ஆனது என்ற உண்மைக்கு அந்த ஒரு விண்மீனே வாயிலாக அமைந்தது.

1925-இல் சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் மிட்டாக்-லெஃப்ளர், நோபல் பரிசுக்கு லெவிட் அம்மையாரின் பெயரை முன்மொழியும் எண்ணத்தோடு அவருக்கே ஒரு கடிதம் எழுதினார். அவர் இறந்து மூன்றாண்டுகளுக்கு மேலாகிவிட்டதை அவர் அறிந்திருக்கவில்லை. மறைந்தவர்களுக்கு அப்பரிசு வழங்கப்படுவதில்லை. இன்று நிலவில் ஒரு பள்ளத்துக்கும் ஒரு சிறுகோளுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. வானியலாளர்கள் பலர் அவர் கண்ட உறவை லெவிட் விதி என்றே அழைக்கின்றனர்.

சுழற்சியும் ஒளியும்

இனி என் வரைபடத்துக்கு வருகிறேன். செஃபீடு விண்மீன்கள் மிகத் தொலைவில் உள்ள மண்டலங்களில் தனித்தனியாகத் தெரிவதில்லை. அதற்கு வேறொரு வழி வேண்டியிருந்தது. 1977-இல் பிரெண்ட் டல்லி, ரிச்சர்டு ஃபிஷர் என்னும் இரு வானியலாளர்கள் அதைக் கண்டனர். மண்டலத்திலுள்ள ஹைட்ரஜன் வாயு 21 செண்டிமீட்டர் அலைநீளத்தில் வானொலி அலைகளை வெளியிடுகிறது. மண்டலம் வேகமாகச் சுழன்றால் அந்த அலைவரி அகன்று தெரியும். எவ்வளவு அகலம் என்பதை வைத்துச் சுழற்சி வேகத்தை அறியலாம். இதற்குத் தூரம் தெரியத் தேவையில்லை. சுழற்சி வேகம் கூடினால் ஒளிர்வும் கூடுகிறது என்று அவர்கள் காட்டினர். லெவிட் அம்மையாருக்குத் துடிப்பு, இவர்களுக்குச் சுழற்சி. அது மட்டுமா? இவர்களும் ஒரே தூரத்தில் கூட்டமாக உள்ள மண்டலங்களையே துணைக்கொண்டனர். அக்கரை விளக்குகளின் அதே உத்தி! இவர்களது அளவுகோலைச் சரிபார்க்க உதவியவையும், அருகிலுள்ள மண்டலங்களின் செஃபீடு விண்மீன்களே.

அப்படியானால் என் மங்கிய மண்டலங்கள் ஏன் கோட்டில் நிற்கவில்லை? தூரப் பிழை என்று இனியும் தப்பிக்க முடியவில்லை. அவை அத்தனையும் ஒரே பக்கமாக, கோட்டுக்குக் கீழேயே கிடந்தன. பிழை என்றால் இருபுறமும் சிதறியிருக்க வேண்டுமே! 2000-ஆம் ஆண்டில் ஸ்டேசி மெக்காவும் அவர்தம் குழுவினரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் விடை இருந்தது. மங்கிய மண்டலங்களில் வாயு மிகுதி. அவ்வாயுவின் பெரும்பகுதி இன்னும் விண்மீன்களாக மாறவில்லை. விண்மீனாகாத வாயு கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தருவதில்லை. ஆனால் அதற்கு எடை உண்டு. டிடிஓ 154 என்ற மண்டலம் வினாடிக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டர் வேகத்தில்தான் சுழல்கிறது. அதன் வாயுவின் எடை விண்மீன்களின் எடையைப் போல் பல மடங்கு.

நீக்கிய புள்ளிகளை மீண்டும் சேர்த்தேன். ஒளியோடு நிறுத்தாமல், விண்மீன்களின் எடையையும் வாயுவின் எடையையும் கூட்டி வரைபடத்தில் இட்டேன். கீழே கிடந்தவை ஒவ்வொன்றாக மேலேறி அதே கோட்டில் வந்து நின்றன. சுழற்சி வேகம் இரு மடங்கானால் எடை ஏறத்தாழ 16 மடங்காகும் என்ற உறவு, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஓடியது. அந்த மண்டலங்களிடம் குறை இல்லை. ஒளியை மட்டுமே பார்த்து எடைபோட்ட என்னிடம்தான் குறை.

இதை எழுதும்போது அம்மாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடந்த விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, லெவிட் அம்மையார் ஆராய்ந்ததைப் போன்ற ஒரு தகட்டின் படத்தை மடிக்கணினியில் அவரிடம் காட்டினேன். இரவு வேலை முடித்துத் தொழிற்சாலைப் பேருந்தில் வந்து இறங்கியிருந்த அம்மா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார். என்ன தெரிகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஓரத்தில் இருந்த ஒரு புள்ளியைக் காட்டி, மற்றவை உருண்டையாக இருக்க அது மட்டும் சற்று நீண்டிருப்பதாகச் சொன்னார். நான் அப்படத்தைப் பலமுறை பார்த்திருந்தும் அதைக் கவனித்ததே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு புள்ளியாகத் தெரிந்த இடத்தில் இரண்டு விண்மீன்கள் ஒட்டி நின்றன.

உட்கார்ந்து பார்ப்பது ஒரு வேலையா என்று முன்பு கேட்டவள் நான். பேரண்டத்தின் பரப்பையே உலகுக்கு உணர்த்திய வேலை அது. பள்ளியில் எத்தனையோ படிவங்களை அவசரமாக நிரப்பியிருக்கிறேன். பட்டமளிப்பு விழாவுக்கான படிவம் வரும்போது, தாயாரின் தொழில் என்ற இடம் அதில் இருக்குமானால், நிதானமாக, பெரிய எழுத்தில், நுண்ணோக்கிப் பரிசோதகர் என்று எழுதுவேன்.